அடுப்படிக்கு அப்பால்: காருக்கு எதைப் பூசுவது?

சென்ற இதழில் ஊறுகாய் ஜாடியைப் பற்றிப் பேசினோம். இந்த இதழில் கார். "என்ன இது, ஜாடியிலிருந்து காருக்குத் தாவிட்டீங்களே!" என்று சிரிக்காதீர்கள். காரியமாகத்தான் எழுதுகிறேன். காருக்குப் போடுகிற ‘கோட்டிங்’ பணம் எங்கிருந்து போகிறது? வீட்டுச் செலவிலிருந்துதானே! கணக்கு நோட்டு நம் கையில் இருக்கிறபோது அந்த வரியையும் நாம் ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

போன மாதம் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு என் தங்கை மகளிடமிருந்து போன். குரலைக் கேட்டதுமே அழுதிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. கைக்குழந்தைக்காரி. குழந்தைக்கு ஏழு மாதம் ஆகிறது. லீவு முடிந்து ஆபீஸுக்குத் திரும்ப வேண்டிய நேரம். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஓர் அம்மாளைத் தேடிப் பிடித்து, முதல் இரண்டு மாதச் சம்பளத்துக்கென்று 28,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

"பெரியம்மா, அந்தப் பணம் போச்சு" என்றாள்.

திருட்டு ஒன்றும் இல்லை. புதுக் கார் பதிவு செய்திருந்தார்கள். வண்டி கைக்கு வர ஒரு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை ஷோரூமுக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த பையன் காபி வாங்கிக் கொடுத்து, "செராமிக் கோட்டிங் போட்டுடுங்க சார். அஞ்சு வருஷத்துக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். கீறல் விழாது, கழுவவே வேண்டாம்" என்று அடுக்கியிருக்கிறான். இவரும் சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். பணம் இன்னும் கட்டவில்லை. வண்டி எடுக்கும்போது கட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து சொன்னதும் சண்டை. "உனக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டாராம். அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் எங்கள் வீட்டு வெள்ளைக் காருக்கு ஒன்பது வருஷமாக மெழுகு போடுகிறவள் நான்தான். என்னவருக்கு இடுப்புவலி, குனிய முடியாது. கோலம் போடக் குனிகிறவளுக்குக் காருக்குக் குனிய என்ன கஷ்டம்? தப்பும் தவறுமாகச் செய்து கற்றுக்கொண்டதையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் அவளுக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் காரின் மேல் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். என் பெரியப்பாவிடம் நீல நிற அம்பாஸடர் ஒன்று இருந்தது. (அம்பாஸடர் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது, இளம் சகோதரிகள் சிலர் பார்த்தேகூட இருக்க மாட்டீர்கள்.) டிரைவர் ஞாயிற்றுக்கிழமை பாலிஷ் போட்டால் துணியெல்லாம் நீலமாகிவிடும். நாங்கள் குழந்தைகள் அந்தத் துணிக்குச் சண்டை போடுவோம். அந்தக் காலத்து வண்டிகளில் வர்ணப் பூச்சே மேல் பூச்சு. வெயிலில் அது வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரிப் பொடியும். அதைத் தேய்த்து எடுத்து, மேலே மெழுகு பூசித்தான் ஆக வேண்டும். மாதா மாதம் பாலிஷ் என்ற பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது வருகிற கார்களில் அப்படி இல்லை. தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் வர்ணம், அதற்கும் மேல் நிறமே இல்லாத ‘கிளியர் கோட்’ என்று ஒரு பூச்சு. பளபளப்பு அதனுடையதுதான். வெயிலைத் தடுக்கிற மருந்தும் அதிலேயே கலந்து வருகிறது. இந்தக் கிளியர் கோட்டின் கனம் சுமார் 40, 50 மைக்ரான். நம் தலைமயிர் ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், மயிரிழையைவிட மெல்லியது! அதைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடு. புதுக் காரில் அது முழுசாக இருக்கிறது. கோட்டிங் போடாவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் பயப்படாதீர்கள்.

மேலே பூசுகிற சமாசாரங்கள் முக்கியமாக மூன்று.

முதலாவது மெழுகு. நல்ல கார் மெழுகில் கார்னோபா என்று ஒரு சரக்கு இருக்கும். பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை ஜாதி மரத்தின் இலையில் ஊறுவது. அங்கே மழை குறைவு. தண்ணீர் ஆவியாகிப் போகாமலிருக்க இலை தானே பூசிக்கொள்கிற கவசம். இலையை வெட்டிக் காயவைத்துத் தட்டி உதிர்க்கிறார்கள். குழந்தைகளின் பளபள மிட்டாயிலும், சில மாத்திரைகளின் மேலும் இருப்பது இதே மெழுகு. உருகுவதற்கு 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் டப்பாவில் வருவது சுத்த கார்னோபா அல்ல. அது கல் மாதிரி இருக்கும், பூசவே வராது. இளகலான மற்ற மெழுகுகளும் கரைப்பானும் சேர்த்துத்தான் தருகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு என் வண்டியில் இது ஒன்றரை மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் நிற்கிறது. பளபளப்பு மட்டும் பிரமாதம், எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தை மாதிரி.

இரண்டாவது ‘சீலன்ட்’. இது தொழிற்சாலையில் செய்கிற பாலிமர் சரக்கு. திரவமாகவோ, தெளிக்கிற புட்டியிலோ வரும். பெயிண்டின் மேல் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். நாலு மாதம், ஆறு மாதம்கூட நிற்கும். மெழுகின் அழகு கொஞ்சம் குறைவு என்பார்கள். வெள்ளை வண்டியில் எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்ததில்லை.

மூன்றாவது இந்த செராமிக் கோட்டிங். பெயரைக் கேட்டுப் பீங்கான் என்று நினைத்துவிடாதீர்கள். மூலச் சரக்கு சிலிக்கா, அதாவது மணலிலும் கண்ணாடியிலும் இருப்பது. அதைக் கரைப்பானில் சேர்த்துச் சின்னக் குப்பியில் தருகிறார்கள். பூசினால் கரைப்பான் ஆவியாகிவிடும். மீதி, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து இறுகிப் பெயிண்டைப் பிடித்துக்கொள்ளும். மெழுகு மாதிரி சோப்புக்குக் கரையாது. ஒழுங்காகப் பூசி ஒழுங்காகப் பராமரித்தால் இரண்டு, மூன்று வருஷம் நிற்கிறது. இது நிஜம். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

தங்கை மகளுக்கு நான் சொன்ன உதாரணம் இதுதான். மெழுகு, நம் இரும்பு தோசைக்கல்லில் தடவுகிற எண்ணெய். மலிவு, ஆனால் திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். செராமிக் கோட்டிங், நான்ஸ்டிக் கல். விலை ஜாஸ்தி, எண்ணெய் தடவும் வேலை மிச்சம். ஆனால் கரண்டியை இழுத்தால் அதிலும் கீறல் விழும். விழுந்த கீறலை நம்மால் வீட்டில் சரிசெய்ய முடியாது.

"கீறவே கீறாதுன்னு சொன்னானாம் பெரியம்மா. ஒன்பது ஹெச் கடினமாம்" என்றாள்.

இந்த ஒன்பது ஹெச் விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான். இது வைரத்தின் கடினத்தை அளக்கிற அளவு அல்ல. பென்சில் அளவு! பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சிலில் ஹெச்.பி., 2பி என்று போட்டிருக்குமே, அந்த வரிசையிலே மிகக் கடினமானது 9ஹெச். அந்தப் பென்சிலைச் சாய்த்து அழுத்தி இழுத்தால் பூச்சில் கீறல் விழவில்லை, அவ்வளவுதான் அர்த்தம். உங்கள் காரில் பென்சிலால் யார் கிறுக்கப் போகிறார்கள்? தெருப்புழுதியில் இருக்கும் மணல் துகள் பென்சிலைவிடப் பல மடங்கு கெட்டி. சாவி, பையின் ஜிப், பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிள் ஹாண்டில், எல்லாமே கீறும். பூச்சின் கனம் எவ்வளவு தெரியுமா? ஒன்று, இரண்டு மைக்ரான். மயிரிழையில் முப்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அது எதைத் தாங்கும்?

‘கழுவவே வேண்டாம்’ என்பதும் பாதி உண்மைதான். கோட்டிங் போட்ட வண்டியில் தண்ணீர், சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடும். அழுக்கு அவ்வளவாக ஒட்டாது. கழுவுவது சுலபம், வாஸ்தவம். ஆனால் சென்னையில் முக்கால்வாசி அடுக்குமாடி வீடுகளில் போர் தண்ணீர், உப்புத் தண்ணீர். உருண்டு நிற்கிற ஒவ்வொரு சொட்டும் வெயிலில் காய்ந்தால் அந்த இடத்தில் வெள்ளை வட்டம் ஒன்று விழும். கெட்டிலின் அடியில் படிகிறதே, அதே உப்புதான். கோட்டிங் இருந்தாலும் விழும். சொட்டுச் சொட்டாக நிற்பதால் பளிச்சென்று வேறு தெரியும். ஆகவே கழுவினால் உடனே துடைத்துத்தான் ஆக வேண்டும். புதுக் கறையாக இருந்தால் வெள்ளை வினிகரில் சம பங்கு தண்ணீர் கலந்து, நிழலில், ஒரு நிமிஷம் ஒற்றி எடுத்து நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள், போய்விடும். பழைய கறைக்கு இது போதாது.

என் தம்பி திருவான்மியூரில் இருக்கிறான். மூன்று வருஷத்துக்கு முன்னால் கறுப்புக் கார் வாங்கி ஆசையாகச் செராமிக் கோட்டிங் போட்டான். அப்போது 30,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. ஒரு வருஷம் கழித்துப் போனபோது, சாயங்கால வெயில் பானட்டில் பட, சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். "அக்கா, கோட்டிங் ஏமாத்து" என்று குதித்தான்.

கோட்டிங் ஏமாற்று இல்லை. காலையில் கீழே போய்ப் பார்த்தேன். கார் துடைக்கிற பையன் ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி. எட்டு மணிக்குள் இருபத்திரண்டு கார் முடிக்க வேண்டும் அவனுக்கு. தம்பியின் கார் பதினெட்டாவது. அதற்குள் அந்தத் தண்ணீர் களிமண் குழம்பாகிவிட்டது. பதினேழு வண்டியின் மணலை அள்ளி வந்து பதினெட்டாவது வண்டியில் தேய்க்கிறான். பாத்திரம் தேய்க்கிற நாருக்கும் அந்தத் துணிக்கும் என்ன வித்தியாசம்?

பையனைத் திட்டுவதில் அர்த்தமில்லை. வண்டிக்கு ஐந்து நிமிஷம்கூட அவனுக்கு இல்லை. "அம்மா, ஒரு வண்டிக்கே இவ்ளோ நேரம் எடுத்தா மத்த வண்டிங்க என்ன ஆவுறது?" என்று அவன் கேட்டது நியாயம். கடைசியில் இப்படி முடிவாயிற்று: தினமும் வேண்டாம், வாரம் இரண்டு நாள் போதும். சம்பளம் குறையாது, மேலே நூறு ரூபாய் சேர்த்துக் கொடுப்பது. எங்கள் வண்டிக்குத் தனி வாளி இரண்டு, தனித் துணி மூன்று, எங்கள் செலவு. மற்ற ஐந்து நாளும் தொடவே கூடாது. அவனுக்குச் சந்தோஷம். தம்பிக்கு மட்டும் புழுதி படிந்த காரைப் பார்க்க முதலில் ரொம்ப வருத்தமாக இருந்தது. உலர்ந்த துணியால், இறகுத் துடைப்பத்தால் தினம் தட்டுவதைவிடப் புழுதியை அப்படியே விட்டுவைப்பது எவ்வளவோ மேல். புழுதி படிந்த வண்டியின் மேல் கவர் போட்டு மூடுவதும் கூடாது. காற்றில் கவர் அசைய அசைய அதுவே உப்புத்தாள்.

இரண்டு வாளி எதற்கு? ஒன்றில் கார் ஷாம்பூ தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். முதலில் குழாயாலோ, குவளையாலோ மேலிருந்து தண்ணீரை ஊற்றி மணலை இறக்கிவிட வேண்டும். பிறகு துணியை ஷாம்பூவில் நனைத்துக் கூரையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசி, மறுபடி ஷாம்பூவில் தோய்க்க வேண்டும். கதவின் கீழ்ப்பகுதி கடைசியில். சக்கரத்துக்கு வேறே துணி. கை வைக்கும்போதே கவனியுங்கள், அழுத்தம் வேண்டாம், குழந்தை உடம்பு துடைக்கிற மாதிரி. துணி தவறிக் கீழே விழுந்ததா? அதை மறுபடி வண்டியில் வைக்காதீர்கள். மண் ஒட்டியிருக்கும். துணி துவைக்கிற பவுடரும், பாத்திரம் தேய்க்கிற சோப்பும் வேண்டவே வேண்டாம். பிசுக்கை எடுக்கிற அது மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். மைக்ரோஃபைபர் துணியைப் பனியன், டவலோடு போட்டுத் துவைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். தனியாகத் துவைத்து நிழலில் உலர்த்துங்கள்.

மெழுகு போட மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஆக நெருக்கிப் பார்த்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம் வேண்டும். குழந்தை தூங்குகிற நேரம் பாருங்கள். வண்டி நிழலில், தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும். வெயிலில் நின்ற கறுப்பு பானட்டின் சூடு 70 டிகிரிவரைகூடப் போகும். அதில் பூசினால் மெழுகு காய்ந்து திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். தோசைக்கல்லில் வெங்காயத்தால் எண்ணெய் தேய்ப்போமே, அந்த மெல்லிசு போதும். ஒரு கதவு, பிறகு அடுத்த கதவு. மங்கலாகப் பூத்ததும் சுத்தமான துணியால் துடையுங்கள். நான் முதல் தடவை பண்ணின கூத்தைக் கேளுங்கள். நிறையப் பூசினால் நிறைய நாள் வரும் என்று அப்பினேன், அதுவும் கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களின் மேலும் சேர்த்து. மெழுகு பிளாஸ்டிக்கின் சொரசொரப்பில் புகுந்து வெள்ளையாகக் காய்ந்துவிட்டது. பழைய டூத் பிரஷ்ஷை வைத்து இரண்டு நாள் நோண்டினேன். என்னவர் பால்கனியில் நின்று, "கார் பல் தேய்க்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மெழுகு இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் இருக்கிறது. தட்டையாகப் பரவினால் போய்விட்டது.

காக்காய் எச்சத்துக்கு மட்டும் மெழுகு, சீலன்ட், செராமிக் எதுவும் முழுசாகப் பதில் சொல்லாது. எச்சத்தில் அமிலம் உண்டு. வெயிலில் பெயிண்ட் இளகி, ராத்திரி குளிர்ந்து இறுகும்போது அதன் தடம் பதிந்துவிடும். மேல் பூச்சு கொஞ்ச நேரம் அவகாசம் தரும், அவ்வளவுதான். ஒரு கோடையில் நாங்கள் ஊருக்கு ரயிலில் போய்விட்டு நாலாம் நாள் வந்தோம். புங்க மரத்தடியில் நின்ற எங்கள் வண்டியின் கூரையில் விழுந்த தடம் இன்றும் இருக்கிறது. பார்த்தவுடன் ஈரத்துணியை அதன் மேல் ஐந்து நிமிஷம் போட்டு ஊறவைத்து, தூக்கி எடுத்துவிடுங்கள். காய்ந்ததைச் சுரண்டாதீர்கள்.

அப்படியானால் செராமிக் கோட்டிங் யாருக்குமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், வண்டி நாள் முழுக்க வெட்டவெளியில் நிற்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது, வண்டியை ஐந்தாறு வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறார்கள், கையில் பணமும் இருக்கிறது என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுப் போடுங்கள். குப்பியின் பெயர் என்ன? எத்தனை தடவை பூசுவார்கள்? ‘ஐந்து வருஷ வாரண்டி’ என்றால், வருஷா வருஷம் அவர்களிடமே பணம் கட்டிப் பராமரிப்பு செய்துகொள்ள வேண்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா? கீறலும் தண்ணீர்க் கறையும் வாரண்டியில் உண்டா? பூசிய பிறகு ஒரு நாளாவது நனையாமல், ஒரு வாரம் ஷாம்பூ படாமல் வைக்க வேண்டும். மாலையில் போட்டு மறுநாள் காலையில் தண்ணீர் அடித்துக் கொடுக்கிற இடமாக இருந்தால் வேண்டாம். பழைய வண்டிக்குப் போடும்போது முதலில் மெஷின் வைத்துத் தேய்ப்பார்கள். அது கிளியர் கோட்டையே கொஞ்சம் சீவி எடுக்கிற வேலை. அந்த 40 மைக்ரானில் எத்தனை தடவை சீவ முடியும்?

‘டெஃப்லான் கோட்டிங்’ என்று ஷோரூம்களில் வெகு காலம் விற்றார்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1938-ல் அமெரிக்காவில் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள் டெஃப்லான். அது உருகவே 327 டிகிரி வேண்டும். வாணலியில் அதைப் பிடிக்கவைக்க அதைவிட ஜாஸ்தி சூட்டில் வேகவைக்கிறார்கள். காரை அப்படி அடுப்பில் வைக்க முடியுமா? டெஃப்லான் என்ற பெயருக்காக ஒரு பைசா கூடக் கொடுக்காதீர்கள்.

நிஜமாகவே சின்னக் கல் தெறிப்பையும் கீறலையும் தாங்குவது பி.பி.எஃப். என்கிற பிளாஸ்டிக் தாள்தான். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணல் அரிக்காமலிருக்க ஒட்டிய தாளின் வாரிசு. கனம் 150, 200 மைக்ரான். வண்டி முழுக்க ஒட்ட லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. முன்பக்க பம்பருக்கு மட்டும் ஒட்டிக்கொள்வோரும் உண்டு. நமக்கு எதற்கு!

என்னைக் கேட்டால், நம் ஊர் வெயிலுக்கு வருஷத்தில் இரண்டு, மூன்று தடவை நல்ல சீலன்ட் போதும். வருஷம் முழுவதற்கும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். தீபாவளி, பொங்கலுக்கு முன்னால் பளபளப்பு வேண்டுமென்று ஆசையாக இருந்தால் அதன் மேலே ஒரு கை மெழுகு.

இப்போது தாய்மார்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று. மிட்டாயில் இருக்கிற மெழுகுதானே என்று அந்த டப்பாவை அசட்டையாக வைத்துவிடாதீர்கள். அதில் சேர்க்கிற கரைப்பான் பெரும்பாலும் மண்ணெண்ணெய் ஜாதி. ஷாம்பூவையோ பாலிஷையோ குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. தவழ்கிற குழந்தைக்குப் பாட்டில் என்றால் குடிப்பதற்குத்தான். அப்படி ஏதாவது குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்கும்போது அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்குவதுதான் பெரிய ஆபத்து. டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்; 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தை சாதாரணமாக இருப்பது போலத் தோன்றினாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். செராமிக் குப்பியை வாங்கி வீட்டிலேயே பூசிப் பார்க்க நினைப்பவர்கள் கையுறை இல்லாமல், மூடிய கார் நிறுத்தத்தில் செய்யாதீர்கள். கர்ப்பமாக இருக்கிறவர்கள் அந்த வேலைக்கே போக வேண்டாம். நம் ஊர் ஈரக் காற்றுக்கு அது சீக்கிரம் இறுகிவிடும். துடைக்கத் தாமதித்தால் திட்டுத் திட்டாக நின்றுபோகும், பிறகு மெஷின் பாலிஷ் போட்டால்தான் போகும்.

தங்கை மகள் கதைக்கு வருகிறேன். இதையெல்லாம் போனில் கேட்டுவிட்டு, மாப்பிள்ளையிடம் போனைக் கொடுத்தாள். "மாப்பிள்ளை, நீங்க தப்புப் பண்ணிட்டதா நான் சொல்லலை. அந்த ஒன்பது ஹெச் என்னன்னு மட்டும் நாளைக்கு அந்தப் பையனைக் கேளுங்க" என்றேன். மறுநாள் இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டே ஷோரூமுக்குப் போனார்கள். கேட்டார். பையனுக்குத் தெரியவில்லை. மேனேஜர் வந்து, கோட்டிங் வேண்டாமென்றால் பெயிண்ட் வாரண்டி போய்விடும் என்றாராம். "அதை எழுத்துல காட்டுங்க சார்" என்றாள் இவள். வாரண்டிப் புத்தகத்தை அவளே வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அப்படி ஒரு வரி அதில் இல்லை. அரை மணி நேரம் உட்காரவைத்து, பில்லிலிருந்து அந்த வரியை அடித்துக் கொடுத்தார்கள்.

வண்டி வந்துவிட்டது. அந்த அம்மாளும் வேலைக்கு வந்துவிட்டார். குழந்தை இரண்டு நாள் அழுதது, மூன்றாம் நாள் ஒட்டிக்கொண்டது. போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையே இரண்டு வாளியோடு கீழே இறங்கினாராம். பிளாஸ்டிக் ஓரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி நான் போன் பண்ணுவதற்குள் பட்டுவிட்டது. "பெரியம்மா, பழைய டூத் பிரஷ் எடுத்துக் கொடுத்துட்டேன்" என்று சிரித்தாள்.

பி.கு.: ‘மேட் ஃபினிஷ்’ என்று பளபளப்பில்லாத பெயிண்ட் உள்ள வண்டி, ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன மெழுகையும் பாலிஷையும் போட்டுவிடாதீர்கள். திட்டுத் திட்டாகப் பளபளத்து அசிங்கமாகிவிடும். அதற்கென்றே தனியாக ஷாம்பூவும் சீலன்ட்டும் விற்கிறார்கள்; கடையில் ‘மேட்’ என்று சொல்லிக் கேளுங்கள்.